செத்தவீட்டு உலக்கை

ஆனந்தராசா யாருக்கும் கை கொடுக்கமாட்டார். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். புதிதாகச் சந்திப்பவர்கள் தலைக்கனம் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் காரணம் தெரியும். அவருடைய விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். தோல் செதில் செதிலாக உரிந்து, வெடிப்புகளில் மஞ்சள் நீர் கசியும். எங்கள் வயதுப் பிள்ளைகளில் ஒருவரும் அந்த வீட்டில் தேநீர் குடித்தது கிடையாது. பூச்சாடிக்குள் ஊற்றிவிடுவோம். அந்த வீட்டுப் பூச்செடி நன்றாக வளர்ந்தது.

அது தொற்றுநோய் அல்ல. மரத்தூள்.

பீலெஃபெல்டுக்கு வெளியே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ப்ரோக்மன் என்பவரின் பட்டறை இருக்கிறது. அங்கே ஓபோ செய்கிறார்கள். ஓபோ என்றால் ஐரோப்பாவில் பிறந்த, நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணல் சீவாளியை உதட்டில் கவ்விக்கொண்டு ஊதும் கறுத்த குழல். அதற்குக் கிரெனடில்லா என்ற ஆபிரிக்க மரம் வேண்டும். தண்ணீரில் போட்டால் தாழ்ந்துபோகும் அளவுக்குக் கனம். கடைசல் இயந்திரத்தில் சுற்றவிட்டு உளியை வைத்தால் ஊதாக் கறுப்பில் மாவு பறக்கும். சிலருடைய உடம்புக்கு அந்த மாவு ஆகாது. ஆனந்தராசாவின் உடம்புக்கு ஆகவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்தவர். முதலில் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு ப்ரோக்மனிடம் கூட்டித் துடைக்கப் போய், கடைசல் கூடத்தில் ஒரு இயந்திரத்தின் முன்னால் நிறுத்தப்பட்டார். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றார். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். காலையில் படுக்கை விரிப்பை உதறினால் தோல் உமி போலப் பறக்கும் என்று அவருடைய மனைவி பவளம் மாமி சொல்வார். இரவில் சொறியாமல் இருக்கக் கைகளுக்குக் காலுறை மாட்டிவிடுவாராம். தூளை விட்டு விலகச் சொன்னார் தோல் வைத்தியர். விலகி எங்கே போவது? ஐம்பது தாண்டிய, ஒரு தொழிலும் முறையாகப் படிக்காத மனிதரை யார் எடுப்பார்கள்?

நான் அந்த நேரம் பீலெஃபெல்டில் இல்லை. இரண்டு வருடம் கிழக்கு ஆபிரிக்காவில் அலைந்துகொண்டிருந்தேன். அதில் சில மாதம் மொசாம்பிக்கில் ஒரு மர ஆலையில் வேலை. ஆனந்தராசாவின் தோலைத் தின்ற அதே மரத்தைத்தான் அங்கே அறுத்தார்கள். ஒரு முழு மரத்தைச் சாய்த்து, வெடிப்பும் முடிச்சும் இல்லாத நாலைந்து கட்டைகளை மட்டும் பொறுக்குவார்கள். மிச்சம் எல்லாம் கரிச்சூளைக்கு. பொறுக்கிய கட்டைகளின் முனைகளுக்கு மெழுகு பூசி, பாதுகாக்கப்பட்ட இனம், முறைப்படி வெட்டப்பட்டது என்று முத்திரை குத்திக் கப்பலில் ஏற்றுவார்கள். முத்திரை குத்துகிற மனிதர் காட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அந்தக் கரிப்புகையின் நாற்றத்தோடுதான் திரும்பி வந்தேன். வந்த இடத்தில் இந்தக் கதை எனக்காகக் காத்திருந்தது. பாதி பவளம் மாமி சொன்னது, பாதி நானே பார்த்தது.

நான் இல்லாத காலத்தில் ப்ரோக்மனுக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். இசைக்குழு ஒன்றில் ஓபோ வாசிக்கும் பெண். அவருடைய ஆசிரியரின் பழைய ஓபோ இலங்கைக் கருங்காலியில் செய்ததாம். தனக்கும் அதே மரம் வேண்டும் என்றார். இலங்கையில் கருங்காலியை வெட்டவும் முடியாது, நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. பழைய கட்டில் கால், பழைய அலுமாரி என்று ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த மரம் கிடைத்தால்தான் உண்டு. இதை மதியச் சாப்பாட்டு மேசையில் ப்ரோக்மன் சொல்லிக் கவலைப்பட்டபோது, மேசையின் மறுமுனையில் புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த ஆனந்தராசாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முதலாளியை அங்கே ஷெஃப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது எங்கட ஊரில வீட்டுக்கு வீடு கிடக்கு, ஷெஃப். அரிசி இடிக்கிற கட்டை. ஓராள் உயரம். அறுபது எழுபது வருசம் காய்ஞ்சது."

ஊர்ப் பெருமை பேசுவது எங்களுக்கு ஒரு வியாதி. அங்கே இருப்பதை விட்டு ஓடி வந்தவர்கள்தான், அங்கே எல்லாம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவோம். ஜெர்மன்காரர் அதை நம்பிவிட்டார், எப்படி நாட்டுக்கு வெளியே வரும் என்று கேட்கவும் இல்லை. அடுத்த மாதமே ஆனந்தராசாவை மேல்மாடிக்கு ஏற்றினார். பெயர் மரக் கொள்முதலாளர். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, திறக்கக்கூடிய ஒரு யன்னல். அந்த அறைக்குத் தூள் வராது.

கைகள் ஆறத் தொடங்கின. வெடிப்புகள் மூடி, குழந்தையுடையது போல் இளஞ்சிவப்புத் தோல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மா குழைத்து ரொட்டி சுட்டாராம். "கலியாணம் கட்டின நாளில இருந்து இவர் மாவில கை வைச்சதில்லை. வைக்க நான் விட்டதுமில்லை," என்றார் பவளம் மாமி. ஆனால் ப்ரோக்மன் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தக் கருங்காலி வந்தால் மேல்மாடி நிரந்தரம். வராவிட்டால் கீழே பழைய இயந்திரம் அவருக்காகக் காலியாகத்தான் இருக்கிறது.

ஆனந்தராசா விடுமுறை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். வீடு வீடாக ஏறி இறங்கினார். மாவை மில்லில் அரைக்கிறவர்களிடம் உலக்கை எங்கே இருக்கும்? இருந்தவற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். "கருங்காலி மாலை போட்டால் யோகமாம் பிள்ளை," என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். "உலக்கையெல்லாம் மணியாப் போய்க் கழுத்தில தொங்குது. பஸ் கொண்டக்டர் கூடப் போட்டிருக்கிறான். ஒருத்தனுக்கும் யோகம் வந்த மாதிரித் தெரியேல்லை."

வவுனியாவில் ஒரு வியாபாரி மட்டும் பத்துப் பதினைந்து உலக்கைகளைச் சுவரில் சாத்திவைத்து, எல்லாம் பழசு என்றானாம். ஆனந்தராசா மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். பச்சை மர வாடை. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிக் கடைந்து, புகைக்கரியும் தேங்காய் எண்ணெயும் தேய்த்து, முனையில் பழைய இரும்புப் பூண் மாட்டி வைத்திருந்தான். எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அவன் கொஞ்சமும் வெட்கப்படாமல் விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தானாம். ஆனந்தராசா வாங்கவில்லை. நேர்மையால் அல்ல. பச்சை மரம் வெடிக்கும். ப்ரோக்மன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் பீலெஃபெல்டில் ஒரு உலக்கை இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் என் பெரியப்பா பரராசசிங்கம். போர் நின்ற சமாதான காலத்தில் ஊருக்குப் போனவர், கட்டில் விரிப்பில் சுற்றி விமானத்தில் ஏற்றிவிட்டார். ஃபிராங்ஃபுர்ட்டில் சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறான். பெரியப்பாவுக்கு ஜெர்மன் வரவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, இறக்கி, தூக்கிக் காட்டினார். "விளையாட்டுச் சாமான்" என்று அதிகாரியே முடிவு செய்து விட்டுவிட்டான். இந்தக் கதையைப் பெரியப்பா நூறு தரமாவது சொல்லியிருப்பார்.

கொண்டுவந்தது அரிசி இடிக்க அல்ல. சைவச் செத்தவீட்டில் மஞ்சளையும் அறுகம்புல்லையும் உரலில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து இடித்து, அந்தச் சுண்ணத்தை இறந்தவரின் நெற்றியிலும் மார்பிலும் வைப்பது எங்கள் வழக்கம். அதற்கு முன்பெல்லாம் பீலெஃபெல்டில் சட்டினி இடிக்கும் சின்னக் கல்லுரலில் குந்தியிருந்து தட்டுவார்களாம். பெரியப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டிருக்கிறது. அவருடைய உலக்கை வந்தபின் பீலெஃபெல்டில் எங்கள் ஆட்களில் யார் இறந்தாலும் அதுதான் இடித்தது. தமிழ்ச் சங்கத்தின் நிலவறையில், உரலோடு நிமிர்ந்து நிற்கும். அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்ததால் திறப்பு ஆனந்தராசாவிடம் இருந்தது.

இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை பட்டறையில் ஒருவரும் இல்லாத நேரம், ஆனந்தராசா அதை நாடா வாளில் கொடுத்துத் துண்டுகளாக அறுத்தார். அன்றைக்கு வாய்க்கும் மூக்கிற்கும் கவசம், முழங்கை வரை கையுறை எல்லாம் போட்டிருந்தாராம். பிறகு வீட்டுச் சாமான் கடையில் படிக்கட்டுக் கைப்பிடி ஒன்று வாங்கினார். உருண்டையான பீச் மரத்தடி. நடுவில் கைபிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக் கடைந்து, பட்டறையில் குழல்களுக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை இரண்டு தரம் ஊற்றி, எண்ணெய் தேய்த்தார். முனையில் மாட்டியது பழைய உலக்கையின் சொந்தப் பூண். வவுனியா வியாபாரி நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். நிலவறையில் உரலுக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது தனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று பவளம் மாமியிடம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கணிப்பு எளிமையானது. அடுத்த மரணத்துக்கு முதல் ஊரிலிருந்து நல்லதொன்று எடுப்பித்துவிடலாம். பீலெஃபெல்டில் யார் யார் படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரர் என்று மனதில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கோடை வரைக்கும் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று பட்டதாம்.

பெரியப்பா வருத்தக்காரர் இல்லை. பெப்ரவரியில், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சவளில் சாய்ந்து இறந்துபோனார்.

சுடலை மண்டபத்தில் எங்களுக்குத் தந்தது ஒரு மணித்தியாலம். ஜெர்மனியில் சாவுக்கும் டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்க வேண்டும். கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டப ஊழியர் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த பிரேதம் வெளியே காத்திருந்தது. நிலத்துக்கு அடி படாமல் உரலின் கீழே துவாய் மடித்துப் போட்டிருந்தோம். உலக்கையை வெள்ளைத் துணியில் சுற்றி, தோளில் வைத்து, தலை குனிந்து உள்ளே கொண்டுவந்தவர் ஆனந்தராசா. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் பெரியப்பாமேல் இந்த மனிதருக்கு எவ்வளவு பற்று என்று நினைத்திருப்பார்கள்.

பெரியப்பாவின் மகன் வினோஜன் இடிக்கத் தொடங்கினான். நாலைந்து குத்திலேயே நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கை கறுப்பாக இருந்தது. தன்னை அறியாமல் அதை வெள்ளை வேட்டியில் துடைத்துவிட்டான். தொடையில் ஐந்து விரலும் பதிந்தது. உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய மஞ்சள், குளத்தடிச் சேறு மாதிரி ஒரு பச்சைக் கறுப்பில் குழைந்து கிடந்தது. மருந்து நாற்றம் அடித்தது.

"இடியும் தம்பி, நேரம் போகுது," என்றார் குருக்கள். ஊழியர் கதவடியில் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

குருக்களும் உரலுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, மந்திரத்தை வேகப்படுத்தி, அந்தச் சேற்றை எடுத்து என் பெரியப்பாவின் நெற்றியில் வைத்தார். அது கண்ணிமையில் வழிந்தது. சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில், சுண்ணம் இடிக்கும்போது பாடும் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

வாகனத் தரிப்பிடத்தில் வினோஜன் அவரைப் பிடித்தான். "மாமா, இது ஃபார்பெ. சாயம். என்னத்தை மாமா பூசினனீங்கள்?"

"பழசெல்லே தம்பி. ஊறின எண்ணெய் கக்குது."

பெரியம்மா சுந்தரேஸ்வரி அழுது வீங்கிய முகத்தோடு மகனின் கையை இழுத்து முகர்ந்தார். "எண்ணெயோ? சப்பாத்துப் பொலிஷ் மணக்குது. எங்கட அவரைச் சப்பாத்து மாதிரி மினுக்கியெல்லோ அனுப்பியிருக்கிறியள்."

எட்டாம் நாள், எட்டுச்செலவு வீட்டில் சமைக்க வந்த பவளம் மாமி, வெங்காயம் உரித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருக்க அவருக்கு ஏலவில்லை. "அக்கா, அந்த மனுசன் திரும்பிக் கீழ போனால் உரிஞ்சே செத்துப்போகும். எனக்கு வேற சொல்லத் தெரியேல்லை," என்றார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. மரக்கறியை நறுக்கி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உனக்கு இப்ப வேலை வெட்டி இல்லைத்தானே. நாளைக்குக் காரைக் கொண்டா. உந்தப் பட்டறைக்குப் போவம். எங்கட உலக்கையைத் தரட்டும்."

"அறுத்துப்போட்டினம் பெரியம்மா."

"அறுத்ததைத் தரட்டும்."

பட்டறை வாசலில் ஆனந்தராசா நின்றார். நாங்கள் வருவதை மாமி சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மா காரிலிருந்து இறங்குமுன் அவர் வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"பிள்ளை, நீதானே ஜெர்மனில கதைக்கப் போறாய். களவெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. உங்கட குடும்பம் விரும்பித் தந்தது எண்டு சொல்லியிருக்கிறன். ஒரு சொல்லு. ஒரு சொல்லை மாத்திச் சொன்னாக் காணும்."

"பெரியப்பான்ர கண்ணில வழிஞ்சது மாமா. பாத்தனீங்களோ?"

"பாத்தன்," என்றார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

ப்ரோக்மன் எங்களை வரவேற்ற விதத்தில்தான் எனக்கு விளங்கியது. பெரியம்மா கையெழுத்து வைக்க வந்திருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கடிதம் இல்லாமல் அந்த ஓபோவை விற்க முடியாது. உரிமையாளர் குடும்பம் வரும் என்று ஆனந்தராசா நாளைக் கடத்தியிருக்கிறார். மேசையில் மலர், காப்பி, வெண்ணெய்க் கேக். இந்தப் பகுதியில் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் அதே கேக். பெரியம்மா தொடவில்லை.

"கேள் ஆதிரை. எங்கட உலக்கை எங்கை?"

நான் கேட்டேன். ப்ரோக்மன் ஒரு பெட்டியைத் திறந்தார். நீல வெல்வெட்டில் மூன்று துண்டாகக் கிடந்தது. வெள்ளிச் சாவிகள் பூட்டிய, கண்ணாடி போல மினுங்கும் கறுப்பு. பொருத்தி, சீவாளியைச் செருகி, எழுந்து நின்று ஊதினார். அருவருப்பு என்னவென்றால், அது நன்றாக இருந்தது. யாரோ தூரத்தில் மெதுவாகக் கூப்பிடுவது போல இருந்தது. அலுமாரித் தட்டில் மிச்ச உலக்கை நாலைந்து கட்டைகளாக, முனையில் மெழுகு பூசி அடுக்கியிருந்தது. மொசாம்பிக்கில் நான் பார்த்த கட்டைகள் போலவே.

பெரியம்மா வாசிப்பைக் கேட்டதாகத் தெரியவில்லை. ப்ரோக்மனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயிலயோ வைக்கினம்?"

"ஓம் பெரியம்மா."

"ஐயோ, சீ! பிரேதத்துக்குப் பக்கத்தில இடிச்ச கட்டை. எத்தினை செத்தவீடு கண்டது. அதில வாயை வைச்சு, கன்னத்தை உப்பிக்கொண்டு நிக்கிறான் பார், வாயுப் பிடிச்ச தவக்கை மாதிரி." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பெரியப்பா இறந்தபின் முதல் தடவையாக. சிரிப்பு அடங்கவே இல்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

என்ன சொல்கிறார் என்று ப்ரோக்மன் ஆவலாகக் கேட்டார். தவக்கையை விட்டு மிச்சத்தைச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். உதடு படுவது சீவாளியில்தான், மரத்தில் அல்ல என்று முதலில் விளக்கினார். பிறகு அவருடைய கண்கள் அகலமாயின. "இறந்தவர்களுக்காகவா? ஒவ்வொரு மரணத்துக்கும் இதே மரமா? எவ்வளவு அழகு! இதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்." ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். நான் என் காப்பியைத் தள்ளிவைத்தேன்.

அதன் பிறகு கடிதத்தைப் பெரியம்மாவின் முன்னால் வைத்தார். இசையின் மேல் உள்ள அன்பினால் எங்கள் குடும்பம் இந்த மரத்தை மகிழ்ச்சியோடு அன்பளிப்புச் செய்கிறது என்று எழுதியிருந்தது. வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"கையெழுத்து வைக்காட்டி?"

அதையும் கேட்டேன். ப்ரோக்மன் ஆனந்தராசாவை ஒரு தடவை பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. மிகவும் அன்பான குரல். "அப்படியானால் இந்த மரத்தை நான் தொட முடியாது. கொள்முதல் பொறுப்பில் திரு ஆனந்தராசாவை வைத்திருக்கவும் முடியாது. கவலை வேண்டாம், வேலையை விட்டு அனுப்பமாட்டேன். கீழே கடைசல் கூடத்தில் இடம் எப்போதும் உண்டு."

ஆனந்தராசா என்னைப் பார்த்தார். ஒரு சொல்லைத்தான் கேட்டிருந்தார். எனக்கு அந்த அறையில் இருந்த எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக இருந்தது, அந்த மலர்களின் மேல்கூட.

"இதை இவர்கள் கொடுக்கவில்லை," என்று ஜெர்மனில் சொன்னேன். "கேட்காமல் எடுக்கப்பட்டது. அதன் இடத்தில் சாயம் பூசிய படிக்கட்டுக் கைப்பிடி வைக்கப்பட்டது. அந்தச் சாயத்தைத்தான் என் பெரியப்பாவின் நெற்றியில் பூசி எரித்தோம்."

கீழே இயந்திரம் ஒன்று சுற்றும் சத்தம் கேட்டது. ப்ரோக்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, பெரியம்மாவின் பக்கம் வைத்தார்.

"இதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கையெழுத்துக் கிடைத்தால் எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும்."

முத்திரை குத்துகிறவன் காட்டுக்குப் போகமாட்டான். எனக்கு அது பழகின விடயம்தான். ஆனாலும் எழுந்தேன். "வாங்கோ பெரியம்மா, போவம். இவையளோட கதைச்சு வேலையில்லை."

பெரியம்மா எழவில்லை. "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆனந்தராசாவின் பக்கம் திரும்பினார்.

"கையைக் காட்டு."

ஆனந்தராசா தயங்கினார்.

"பின்னால என்ன வைச்சிருக்கிறாய்? இன்னொரு உலக்கையோ? காட்டு எண்டுறன்."

அவர் கைகளை முன்னால் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இருபது வருடத்தில் நான் அந்தக் கைகளைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். வெடிப்பு ஒன்றும் இல்லை. மெல்லிய புதுத்தோல், அதன்கீழ் நரம்பு தெரிந்தது. நகக்கண்களில் மட்டும் கறுப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருந்தது. பெரியம்மா குனிந்து, சந்தையில் மீன் பார்க்கிறது போல இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். நான் அப்போது ஏதாவது இரக்கம் காட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய முகத்தில் அது இல்லை. குப்பையைக் கையால் அள்ளும்போது இருக்கும் முகம்.

"பேனையைத் தா," என்றார்.

"பெரியம்மா, இது பொய்."

"தெரியும் பிள்ளை. இந்தாள் கீழ போய் உரிஞ்சு கிடந்தால், அதையும் நானெல்லோ நினைச்சுக்கொண்டு கிடக்க வேணும். எனக்கு என்ர மனுசனை நினைக்கவே நேரம் காணாது." தமிழில், சாய்ந்த எழுத்தில், பெயரை முழுதாக எழுதினார். எழுதிவிட்டு ஆனந்தராசாவிடம் சொன்னார், "நீ மேலயே இரு. ஆனா இனி எங்கட ஆக்கள் ஆற்றை செத்தவீட்டுக்கும் நீ உள்ளடப்படாது. வாசல் மட்டும் வா. உள்ளுக்கு வரக்கூடாது."

"அக்கா..." ஆனந்தராசா கைகளைத் திரும்ப முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "என்ர பவளத்துக்கு ஒண்டெண்டால்? எனக்கெண்டால்?"

"உனக்கெண்டால் வந்துதானே ஆகவேணும். கிடந்துகொண்டு வா."

நாங்கள் வெளியே வரும்போது ப்ரோக்மன் கேக்கின் மிச்சத்தைத் தாளில் சுற்றி என் கையில் திணித்தார். அடுத்த சந்தியில் காரை நிறுத்தி அதைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தப் பூணையாவது கேட்டிருக்கலாம்," என்றார்.

ஓபோ விற்றுப்போனது. உலக்கையின் கதை, படத்தோடு, பட்டறையின் விளம்பரத் தாளில் வந்தது. என் தாய்க்கு யாரோ கைபேசியில் அனுப்பினார்கள். எங்கள் ஆட்களில் பலர் அதற்குக் கைகூப்பிய படங்களைப் போட்டிருந்தார்கள். செத்தவீட்டில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டியவர்களும் போட்டிருந்தார்கள்.

மே மாதம் மிதுஷனின் தாய் இறந்தார். மிதுஷன் என்னோடு படித்தவன். அதே சுடலை மண்டபம், அதே ஊழியர். இடிக்க உலக்கை இல்லை. மிதுஷனின் தங்கை கடையில் வாங்கிய மஞ்சள்தூள் பையைப் பல்லால் கிழித்து, கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். நிறம் சரியாக இருந்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

பூ எடுக்கக் காருக்குத் திரும்பியபோது ஆனந்தராசாவைக் கண்டேன். கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டி, கேற்றுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. சொன்ன சொல்லைக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கணம் அவரில் ஏதோ மரியாதை வரப் பார்த்தது.

அப்போது மிதுஷன் வெளியே வந்தான். ஈர வேட்டியோடு, வெறும் மேலோடு, நெற்றியில் மஞ்சளோடு வீதியைக் கடந்து அவரிடம் போனான். உள்ளே கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். நான் நின்ற இடத்துக்கு நன்றாகக் கேட்டது.

"மாமா, அம்மான்ர உலக்கை ஒண்டு ஊரில கிடக்கு. சித்தி வீட்டில. நல்ல பழசு. உங்கட ஷெஃப் எடுப்பாரோ?"

ஆனந்தராசா மண்டபத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கருங்காலிதானே?"

"ஓம் மாமா. ஆனா எயார்போட்டில விடுவாங்களோ தெரியேல்லை."

"அது ஒண்டுமில்லை. விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லலாம்."

மிதுஷன் கையை நீட்டினான். ஆனந்தராசா முதுகுக்குப் பின்னாலிருந்து தன் கையை எடுத்து, அவனுக்குக் கை கொடுத்தார்.